தலைகீழாப் பறந்த கொடி

மியூசியத்துல இருந்து ஒரு பொண்ணு வந்து கிளப்புல இருக்கிறவங்களோட பழைய கொடிகளை எல்லாம் பரிசோதிக்கப் போறான்னு கேள்விப்பட்டதுமே லினெட்டுக்குக் கவலை பிடிச்சுக்கிச்சு. அவ அப்பா மெர்வுக்கோ தலைகால் புரியல. எழுபத்தாறு வயசு மனுஷன், காலங்காத்தால ஷேவ் பண்ணி, டை கட்டி, மெடலை எல்லாம் வரிசையா குத்திக்கிட்டு அடுப்படி வாசல்ல வந்து நிக்கிறாரு.

"ப்பா, அந்தப் பொண்ணு வர்றது அடுத்த சனிக்கிழமை."

"தெரியும் கண்ணு. எப்படி இருக்குன்னு ஒரு ஒத்திகை பாத்தேன்."

"டோஸ்ட்டுல தடவற ஜாம் மெடல் மேல ஒழுகுது பாருங்க."

அவரு குனிஞ்சு பாத்தாரு, விரலால வழிச்சு வாயில வெச்சுக்கிட்டாரு, சிரிச்சாரு. லினெட்டுக்கு சிரிப்பு வரல. வெசயம் விளையாட்டு இல்லை. தன்கிட்ட இருக்கிற கொடியை நம்பி அவரு கிளப்புல ஒரு சபதம் போட்டு வெச்சிருந்தாரு.

ஆஸ்திரேலியாவோட ஃப்ரீமேண்டில் துறைமுகத்துக்குப் பின்னாடி, மீன் கிடங்கெல்லாம் தாண்டி, பழைய கடற்படை ஆளுங்களுக்குன்னு ஒரு சின்ன கிளப் இருக்கு. பச்சை கார்ப்பெட், பீர் வாசம், சுவரு பூரா கப்பல் போட்டோ. லினெட்டோட அம்மா ஈடித் காலமானதுக்கு அப்புறம் மெர்வோட வாழ்க்கையே அந்த கிளப்புதான். செவ்வாய், வியாழன், சனி. மத்த நாள்ல அவரு வீட்ல இருந்தா லினெட்டோட மசாலா டப்பாவை எல்லாம் எழுத்து வரிசையில அடுக்கி வெச்சிடுவாரு. அப்புறம் உப்பைத் தேட அவளுக்கு அரைமணி நேரம் ஆகும்.

கிளப்புல மெர்வ் சொல்றது ஒரே ஒரு கதைதான். பல வருஷமா அதே கதை. கேட்டவங்களே மறுபடி கேட்டு, அவரு வாயைத் திறக்கும்போதே மேசையைத் தட்ட ஆரம்பிச்சிடுவாங்க.

கதை இதுதான். ரெண்டாம் உலகச் சண்டை நேரத்துல மெர்வ், 'வாலிங்கா'ன்னு ஒரு குட்டிப் போர்க்கப்பல்ல கொடி ஏத்தி சிக்னல் குடுக்கிற வேலை பாத்தாரு. டார்வின் துறைமுகத்துக்கு வடக்கே போயிட்டு இருக்கும்போது ஒரு புயல்ல கப்பலோட கொடி கிழிஞ்சு போச்சு. வெள்ளைத் துணி, நடுவுல பெரிய சிவப்புச் சிலுவை, மேல் மூலையில சின்னதா பிரிட்டிஷ் கொடி, அதுதான் அந்தக் கொடி. கிழிஞ்சது அந்த மூலைதான். இவரு ஒரு பழைய கொடியில இருந்து மூலையை வெட்டி எடுத்து, விளக்கு எரியக்கூடாதுங்கிற உத்தரவுல, கப்பல் தொட்டில் மாதிரி ஆட, தடவித் தடவி தைச்சு முடிச்சாரு. விடிஞ்சதும் கொடியை ஏத்தினாரு. ஏத்தின பிறகுதான் பாத்தாரு. மூலை தலைகீழ்.

பிரிட்டிஷ் கொடி எந்தப் பக்கம் பாத்தாலும் ஒரே மாதிரின்னு வெளியாளு நினைப்பான். கடற்படையில இருந்தவன் கிட்ட அப்படிச் சொன்னா செவுட்டுல ஒண்ணு விடுவான். கம்பத்துப் பக்கத்துல தடிச்ச வெள்ளைக் கோடு மேல இருக்கணும், மெல்லிசு கீழ இருக்கணும். மாறி இருந்தா அது கடல்ல ஒரு சேதி: 'ஐயா, நாங்க மாட்டிக்கிட்டோம், ஓடி வாங்க.'

"நாங்க மாட்டிக்கவே இல்லை," இந்த இடத்துல மெர்வ் எப்பவும் கிளாஸை மேசையில வைப்பாரு. "சுகமா இருந்தோம். முட்டை வேற வறுத்துக்கிட்டு இருந்தான் சமையக்காரன். ஆனா தூரத்துல நம்ம பெரிய கப்பல் ஒண்ணு பைனாகுலர்ல என் கொடியைப் பாத்திருக்கு. ஐயோ பாவம்னு முழு வேகத்துல திரும்பி வருது. அது வந்து சேரவும், வானத்துல ஜப்பான்காரன் விமானம் வரவும் சரியா இருக்கு! நாங்க தனியா இருந்திருந்தா மீனுக்குத் தீனி. என் கோணத் தையல்தான்யா எங்களைக் காப்பாத்துச்சு!"

கூட்டம் பூரா மேசையைத் தட்டிச் சிரிக்கும். அதுல உரக்கச் சிரிக்கிறது கிளப் தலைவர் ஸ்னோ ஹாட்ரிக். பெரிய கப்பல்ல வேலை பாத்தவரு. குட்டிக் கப்பல்காரன்னாலே அவருக்கு இளக்காரம். "அந்தக் கப்பல் தற்செயலா வந்துச்சுன்னு எல்லாருக்கும் தெரியும் மெர்வ். அந்தக் கொடியை யாராச்சும் கண்ணால பாத்திருக்கீங்களாடா?"

யாரும் பாத்ததில்லை. கொடி மெர்வ் வீட்டுக் கட்டிலுக்கு அடியில தகரப் பெட்டியில இருந்துச்சு. கப்பலை ஓய்வுக்கு விட்டப்போ மடிச்சு எடுத்துட்டு வந்தவரு, கல்யாணம் ஆனதும் பொண்டாட்டி கையில குடுத்துட்டாரு. அந்துருண்டை மாத்தினது எல்லாம் ஈடித்துதான். இவரு அதைத் திறந்தே பாக்கல. பாக்காமலே அம்புட்டு நிச்சயம்.

இந்த ஆகஸ்ட்டோட சண்டை முடிஞ்சு அம்பது வருஷம். கிளப்புல புதுசா ஒரு ஹால் கட்டி, அதுல ஒரே ஒரு உண்மையான கொடியை மாட்டி, கீழ அதை வெச்சிருந்தவன் பேரைப் போடறதுன்னு முடிவாச்சு. மெர்வ் எந்திரிச்சாரு. அன்னைக்குப் பீர் கொஞ்சம் கூடிப்போச்சு.

"என் கொடியைத்தான் மாட்டப் போறீங்க! அந்த மூலை நான் சொன்ன மாதிரி தலைகீழா இல்லைன்னா, இந்த வாசப்படியை இனிமே நான் மிதிக்க மாட்டேன்! இது சத்தியம்!"

"எல்லாரும் கேட்டுக்கிட்டீங்களா?"ன்னாரு ஸ்னோ.

எல்லாரும் கேட்டுக்கிட்டாங்க. பீர் ஊத்துற ஜாய்ஸ் கூட கேட்டுக்கிட்டா.

அந்த சனிக்கிழமை வரைக்கும் லினெட் நச்சரிச்சுப் பாத்தா. "ப்பா, ஒரு தடவை, ஒரே ஒரு தடவை பெட்டியைத் திறந்து பாத்துடலாம்."

"எதுக்கு? என் கையால தைச்சது எனக்குத் தெரியாதா?"

"கண்ணாடியை ஃப்ரிட்ஜுல வெச்சுட்டு ரெண்டு நாளா தேடின ஆளு நீங்க."

"அது வேற டிபார்ட்மென்ட்."

சனிக்கிழமை பிப்ரவரி மாசக் கோடை வெயில் மண்டையைப் பொளந்துச்சு. கிளப்புக்குள்ள ஃபேன் சுத்துது, காத்துதான் வரல. நடுவுல ரெண்டு மேசையை ஒட்டிப் போட்டு வெள்ளை பெட்ஷீட் விரிச்சிருந்தாங்க. டெஸ்பினாங்கிற அந்த மியூசியப் பொண்ணு கொஞ்சம் கட்டையா, சுருட்டை முடியோட, தோள்ல ஒரு பெரிய பையோட வந்தா. பூதக்கண்ணாடி, இடுக்கி, டார்ச் எல்லாம் அதுக்குள்ள இருந்து வருது. கிழவனுங்க வயித்தை எக்கிக்கிட்டு நிமிர்ந்து நின்னாங்க.

"கையில பீர் வெச்சிருக்கிறவங்க மேசையில இருந்து நாலடி தள்ளி நில்லுங்க"ன்னா அவ.

கூட்டம் மொத்தமும் நாலடி பின்னாடி போச்சு.

முதல்ல வந்தவரு கெவ். ஜப்பான்காரன் கொடி. வெள்ளைத் துணியில சிவப்பு வட்டம். கைக்குக் கை சண்டை போட்டுப் பிடுங்கினதுன்னு கிளப்புல அதுக்கு ஒரு தனி மரியாதை. டெஸ்பினா திருப்பிப் பாத்தா, ஓரத்தைத் தடவினா, பூதக்கண்ணாடியை வெச்சா, எடுத்தா.

"சார், இதுல பட்டன் போடற ஓட்டை வரிசையா மூணு இருக்கு."

"சண்டையில பட்ட குண்டு ஓட்டையா இருக்கும்"னாரு கெவ்.

"குண்டு பட்டா சுத்தி யாரும் காஜா தைக்க மாட்டாங்க. இது தலகாணி உறை சார்."

சிரிப்புல கூரை அதிர்ந்துச்சு. "தலகாணியோடயா கைக்குக் கை சண்டை போட்ட?"ன்னு ஒருத்தன் கேக்க, கெவ் காது வரைக்கும் சிவந்து, "அப்ப என்னை எவனோ ஏமாத்தியிருக்கான்"னு தலகாணி உறையை மடிச்சு சட்டைக்குள்ள சொருகிக்கிட்டாரு.

அடுத்தது ஸ்னோவோட கொடி. கண்ணாடிப் பெட்டியில வெச்சு பூட்டி இருந்தது. நாற்பத்தஞ்சுல, சண்டை முடிஞ்ச நாள்ல தன் கப்பல்ல பறந்ததுன்னு பெருமை. அதைத் தலைவரே ரெண்டு கையிலயும் ஏந்திக் கொண்டு வந்தாரு, ஏதோ பிள்ளையை ஞானஸ்நானத்துக்குக் கொண்டு வர்ற மாதிரி.

டெஸ்பினா கொடியைக் கூட பாக்கல. கயிறு போற ஓரத்துல இருக்கிற கித்தான் பட்டையை மட்டும் புரட்டினா. அதுலதான் சர்க்கார் முத்திரையும், கொடியோட அளவும், தைச்ச வருஷமும் அடிச்சிருப்பாங்க. டார்ச் அடிச்சுப் பாத்தா.

"அம்பத்திரண்டு"ன்னா.

"அளவா?"ன்னாரு ஸ்னோ.

"வருஷம்."

ஸ்னோ டார்ச்சை வாங்கித் தானே அடிச்சுப் பாத்தாரு. அப்புறம் நிமிர்ந்தாரு. "முத்திரை அடிச்சவன் குடிச்சிருப்பான்."

ஜாய்ஸ் கவுன்டருக்குப் பின்னாடி குனிஞ்சா. தோள் மட்டும் குலுங்குறது தெரிஞ்சுது. சிரிச்சு முடிக்கவே கூட்டத்துக்கு ரொம்ப நேரம் ஆச்சு. ஸ்னோ மட்டும் சிரிக்கல. கண்ணாடிப் பெட்டியை மூடிப் பூட்டினாரு, சாவியைப் பையில போட்டாரு, திரும்பி மெர்வைப் பாத்தாரு. லினெட்டுக்கு அந்தப் பார்வையே பிடிக்கல. அடி வாங்கின ஆளு அடுத்தவனுக்குக் குடுக்கப் போறான்.

"அடுத்து, நம்ம கோணத் தையல் வீரர்!"

மெர்வ் தகரப் பெட்டியைத் தானே தூக்கிட்டு வந்தாரு. லினெட் கை குடுக்கப் போனா, வேணாம்னுட்டாரு. மேசையில வெச்சாரு. தாழ்ப்பாளை நீக்கினாரு. அந்துருண்டை வாசம் எந்திரிச்சு முன் வரிசையில இருந்தவன் ரெண்டு பேரைத் தும்ம வெச்சுது. டெஸ்பினாவும் லினெட்டும் ஆளுக்கு ஒரு முனையைப் பிடிச்சு, மடிப்பு மடிப்பா விரிச்சாங்க. வெள்ளைத் துணி பழுப்பேறிப் போயிருந்துச்சு. சிவப்புச் சிலுவை வந்துச்சு. கடைசி மடிப்பைப் பிரிச்சதும் மூலை வந்துச்சு.

தடிச்ச வெள்ளைக் கோடு மேல. மெல்லிசு கீழ.

அச்சு அசலா சரியா இருந்துச்சு.

முதல்ல யாருக்கும் புரியல. அப்புறம் ஸ்னோ குனிஞ்சு பாத்தாரு, நிமிர்ந்தாரு, ரெண்டு கையையும் விரிச்சாரு. "சபாஷ்! பாடப்புத்தகத்துல போடலாம்! கோணலும் இல்லை, மாணலும் இல்லை!"

கூட்டம் வெடிச்சுது. கெவ்தான் ஆக உரக்கச் சிரிச்சாரு; தலகாணி உறைக்கு ஒரு கூட்டாளி கிடைச்ச சந்தோஷம். லினெட் அப்பாவைப் பாத்தா. அவரு சிரிக்கவும் இல்லை, கோவப்படவும் இல்லை. கொடியையே பாத்துக்கிட்டு நின்னாரு. தன் வீட்டுக் கதவைத் திறந்தா உள்ள வேற குடும்பம் உக்காந்து சாப்பிட்டுக்கிட்டு இருக்கிற மாதிரி ஒரு முழி.

"நான் தலைகீழாத்தானே தைச்சேன்…" யார்கிட்டயும் இல்லாம சொன்னாரு.

அப்புறம் தொப்பியை எடுத்தாரு. "சத்தியம்னா சத்தியம்"னாரு. ஒருத்தர் முகத்தையும் பாக்காம நடந்து, வாசப்படியைத் தாண்டி, வராண்டாவுக்குப் போயிட்டாரு.

சிரிப்பு பாதியில நின்னுச்சு. இவ்வளவு தூரம் போகும்னு யாரும் நினைக்கல. "டேய் மெர்வ், சும்மா விளையாட்டுக்குடா!"ன்னான் ஒருத்தன். "அவன்தான் சத்தியம் பண்ணான், நான் பண்ணச் சொல்லல"ன்னாரு ஸ்னோ, ஆனா குரல்ல பழைய தெம்பு இல்லை. லினெட் பின்னாடியே ஓடினா.

"ப்பா, உள்ள வாங்க."

"மாட்டேன்."

"அப்ப வீட்டுக்குப் போலாம்."

"அதுவும் மாட்டேன். கொடி உள்ள இருக்குல்ல."

அந்த நேரம் பாத்து உள்ள இருந்து டெஸ்பினா கத்தினா: "எங்க போனாரு அந்தப் பெரியவரு? நான் இன்னும் பாக்கவே ஆரம்பிக்கலையே!"

மெர்வ் காதைத் தீட்டினாரு. வராண்டா பக்கம் ஒரு பெரிய ஜன்னல், வெயிலுக்குத் திறந்து வெச்சிருந்தாங்க. மெதுவா அங்க போனாரு. தலையையும் தோளையும் மட்டும் உள்ள விட்டாரு.

"கால் வெளியதான் இருக்கு. யாரு வேணா வந்து பாத்துக்கலாம்."

ஒருத்தன் நிஜமாவே வெளிய போய்ப் பாத்துட்டு வந்து, "வெளியதான் இருக்கு"ன்னு அறிக்கை குடுத்தான்.

டெஸ்பினா வேலையை ஆரம்பிச்சா. கித்தான் பட்டையைப் பாத்தா: நாற்பத்தொண்ணு, சர்க்காரோட அம்பு முத்திரையும் சரியா இருக்கு. ஓரத்துல தொங்கிக்கிட்டு இருந்த ஒரு நூலைப் பிடுங்கி, ஒருத்தர்கிட்ட லைட்டர் வாங்கிக் கொளுத்தினா. முடி கருகின நாத்தம் வந்துச்சு. "கம்பளி. சண்டைக் காலத்துக் கொடித் துணி இதுதான்"னா. விரலைத் தடவிக் காட்டினா. கப்பல் புகைக்கரி மை மாதிரி ஒட்டியிருந்துச்சு. கிழவனுங்க ஒருத்தன் தோள் மேல ஒருத்தன் சாஞ்சு எட்டிப் பாக்கறாங்க. நாலடி எல்லாம் காத்துல போயிடுச்சு.

அப்புறம் மூலைக்கு வந்தா. "இது வேற கொடியில இருந்து வெட்டினது. நீலம் வேற, நெசவு வேற, இதைவிடப் பழசு."

"அதைத்தானேம்மா நான் சொன்னேன்!" ஜன்னல்ல இருந்து.

"ஜன்னல் பேசக்கூடாது"ன்னாரு ஸ்னோ.

டெஸ்பினா பூதக்கண்ணாடியை மூலையோட தையல் மேல நகர்த்தினா. நிறுத்தினா. உதட்டைச் சுழிச்சா. "இந்தத் தையல் ஒரு மாலுமி தைச்சது இல்லை. எவ்வளவு பொடிப்பொடியா, அழகா இருக்கு பாருங்க. வெளிர் நீலப் பட்டு நூலு. இடது கைக்காரங்க தைச்ச மாதிரி சாஞ்சிருக்கு."

லினெட் வராண்டாவுல இருந்து உள்ள ஓடி வந்தா. குனிஞ்சு பாத்தா. அவ ஸ்கூல் யூனிஃபார்ம்ல, அவ கல்யாண கவுன்ல, வீட்டுத் திரைச்சீலையில, சர்ச்சுல பாதிரியார் அங்கியில கூட, அதே தையல்.

"அம்மா…"ன்னா.

"யாரு?"ன்னா டெஸ்பினா.

"எங்கம்மா தையல் இது. ஊர்ல எதாவது கோணலா இருந்தா அவளுக்குத் தூக்கம் வராது. பஸ்ஸுல முன் சீட்டுக்காரன் காலரை அவனுக்கே தெரியாம சரி பண்ணிட்டு இறங்குவா."

"அப்ப இவங்களே முதல்ல இருந்து தைச்சிருக்கலாமே?"ன்னாரு ஸ்னோ. "மெர்வ் ஊசியையே தொட்டிருக்க மாட்டான்."

"அவசரப்படாதீங்க தலைவரே." டெஸ்பினா இடுக்கியால பட்டு நூலுக்கு அடியில இருந்த துணியை லேசா விலக்கினா. "இங்க பழைய ஓட்டை இருக்கு. பெரிய ஓட்டை. வட்டமா இல்லை, முக்கோணமா. பாய்மரத் துணி தைக்கிற ஊசிதான் முக்கோணமா ஓட்டை போடும். யாரோ முதல்ல அந்த ஊசியால, கண்ணை மூடிக்கிட்டுத் தைச்ச மாதிரி, கண்டபடி தைச்சிருக்காங்க."

"நான்தான்! நான்தான்!" ஜன்னல் குதிச்சுது.

"சரி, தைச்சான். ஒத்துக்கறேன்"னாரு ஸ்னோ. "தலைகீழா தைச்சான்னு அது சொல்லுதா?"

டெஸ்பினா டார்ச்சைக் கீழ இறக்கினா. மூலைக்கு நேர் கீழ சிவப்புத் துணியில ஒரு தழும்பு இருந்துச்சு, பாதி நிலா மாதிரி, ஓரம் கருகி. பின்னாடி ஒட்டுத்துணி வெச்சு அதே பட்டு நூலால தைச்சிருந்தாங்க. அதைப் பாத்தா. அப்புறம் மூலையோட மேல் ஓரத்துக்குப் போனா. அங்கயும் ஒரு பாதி நிலா, ஓரம் கருகி, பின்னாடி ஒட்டு. ரெண்டும் ஒரே அகலம். கம்பத்துல இருந்து ரெண்டும் ஒரே தூரம்.

"யாருக்காச்சும் கேக் சுடற காகிதம் கிடைக்குமா?"ன்னா.

ஜாய்ஸ் சமையக்கட்டுக்கு ஓடி ஒரு சுருளைக் கொண்டு வந்தா. டெஸ்பினா அதை மூலை மேல விரிச்சு, பென்சிலால சுத்தி வரைஞ்சு, கோடெல்லாம் வரைஞ்சு, மேல இருந்த அந்தப் பாதி நிலாவையும் வரைஞ்சு, கத்தரிச்சா. 

"ஓரம் கருகினது குண்டுச் சிதறல் பட்டதாலதான். பட்டா முழு ஓட்டை விழணும். இங்க பாதி கீழ சிவப்புல இருக்கு, மீதிப் பாதி மேல போய் உக்காந்திருக்கு. சிதறல் என்ன, பாதி வழியில இறங்கி ஏறி வேற இடத்துலயா துளைக்கும்? இப்ப பாருங்க."

காகிதத்தை எடுத்து, தோசை திருப்பிப் போடற மாதிரி, மேல் ஓரம் கீழ வர்ற மாதிரி புரட்டி வெச்சா.

ரெண்டு பாதி நிலாவும் ஒட்டி முழு நிலாவாச்சு. கருகின ஓரம் ஓரத்தோட சேந்துச்சு. காகிதத்துல பென்சில் கோடு, தடிச்சது கீழ, மெல்லிசு மேல.

"குண்டு பட்ட அன்னைக்கு இந்த மூலை தலைகீழாத்தான் இருந்துச்சு"ன்னா டெஸ்பினா. "ஐயா, நீங்க ஏத்தினது அப்பட்டமான தப்புக் கொடி. வாழ்த்துக்கள்."

அப்புறம் அந்த ஹால்ல நடந்ததை வரிசையா சொல்ல முடியாது. தொப்பி பறந்துச்சு. கெவ் தலகாணி உறையை எடுத்து ஆட்டினாரு. ஜாய்ஸ் மணியை அடிச்சு எல்லாருக்கும் ஒரு பீர் இலவசம்னு சொல்லிட்டா, யாரைக் கேட்டுச் சொன்னாளோ. நாலு பேர் ஜன்னலுக்கு ஓடி மெர்வோட கக்கத்துல கையைக் குடுத்து இழுத்தாங்க.

"டேய், வாசல் வழியா வரேன்டா! இப்பதான் வரலாமே!"

யாரு கேக்கிறா. பாதி உடம்பு உள்ள வந்ததும் பெல்ட் ஜன்னல் கொக்கியில மாட்டிக்கிச்சு. "தள்ளு"ன்னான் ஒருத்தன். "இழு"ன்னான் இன்னொருத்தன். வெளிய இருந்து ரெண்டு பேர் காலைப் பிடிச்சுத் தள்ள, மெடல் எல்லாம் கலகலன்னு சத்தம் போட, கடைசியில பிரசவம் ஆன மாதிரி மெர்வ் பச்சைக் கார்ப்பெட்டுல வந்து விழுந்தாரு. பேன்ட் முழங்காலுக்கு வந்திருந்துச்சு. அவரு அதைக் கூட இழுக்காம நேரா மேசைக்குப் போனாரு.

"ஈடி… இவளுக்கு நான் ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் அந்தக் கதையைச் சொல்லியிருக்கேனே. ஒரு வார்த்தை சொல்லலையே!"

லினெட்டுக்கு சிரிப்பு பொத்துக்கிட்டு வந்துச்சு. கண்ணுல தண்ணி, வாயில சிரிப்பு, நிக்க முடியாம நாற்காலியைப் பிடிச்சுக்கிட்டா. "ப்பா, கதையை முதல் தடவை சொன்னப்போ அம்மா என்ன சொன்னா?"

மெர்வ் யோசிச்சாரு. "கல்யாணம் ஆன புதுசு. 'அதைத் தப்பா தைச்சது நீயா?'ன்னா. ஆமான்னேன். 'வெளிய யார்கிட்டயும் சொல்லாதே'ன்னா."

"நீங்க என்ன பண்ணீங்க?"

"அன்னைக்கு சாயங்காலமே இங்க வந்து சொன்னேன்."

"அப்ப அவளும் அன்னைக்கு சாயங்காலமே பெட்டியைத் திறந்திருப்பா"ன்னா லினெட்.

மெர்வுக்கு ஒரு நொடி ஆச்சு. அப்புறம் சிரிச்சாரு பாருங்க, அந்தச் சிரிப்புல பேன்ட் கணுக்காலுக்கே இறங்கிடுச்சு. பொண்டாட்டி தன் மானத்தைக் காப்பாத்தப் போய், நாற்பத்தெட்டு வருஷமா தன்னைப் புளுகனாக்கி வெச்சிருக்கா. அதை நினைச்சு நினைச்சு மேசையில தலையை முட்டிக்கிட்டு சிரிக்கிறாரு.

ஸ்னோ முன்னாடி வந்தாரு. மனுஷன் வம்புக்காரன்தான், ஆனா தோத்தா தோத்தேன்னு சொல்லிடுவான். கையை நீட்டினாரு. "மெர்வ், நீ சொன்னது நெசம்டா. கொடியை மாட்டறோம். உன் பேருதான்." அப்புறம் தலைவர் குரல் வந்துடுச்சு. "ஆனா எப்படிப் பறந்துச்சோ அப்படித்தான் மாட்டணும். தலைகீழா. ஜாய்ஸ், அந்தச் சின்னக் கத்தரியைக் கொண்டா! இந்தப் பொண்ணு தையலைப் பிரிச்சு மூலையைத் திருப்பித் தைக்கட்டும்."

"பிரிக்கலாமா கூடாதாங்கிறது கொடிக்குச் சொந்தக்காரர் சொல்லணும்"னா டெஸ்பினா.

ஜாய்ஸ் கத்தரியைக் கொண்டு வந்தா. மெர்வ் அவ கையில இருந்து அதை வாங்கினாரு. லினெட் அப்பா மூஞ்சியையே பாத்துக்கிட்டு இருந்தா. பிரிச்சா, பல வருஷக் கதைக்குச் சாட்சியா அந்தக் கோணல் மூலை சுவத்துல தொங்கும். வர்றவன் போறவன் எல்லாம் பாப்பான். ஒருத்தன் வாயைத் திறக்க முடியாது.

மெர்வ் குனிஞ்சு, அந்த வெளிர் நீலத் தையல் மேல பெருவிரலை வெச்சு, இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடி வரைக்கும் ஓட்டினாரு. கத்தரியைச் சட்டைப் பையில போட்டுக்கிட்டாரு.

"வேணாம்."

"என்னடா வேணாம்?"

"ஈடி தைச்சதை யாரும் பிரிக்க வேணாம். இப்படியே மாட்டுங்க."

"மடையா, இப்படியே மாட்டினா பாக்கறவன் எல்லாம் சரியாத்தானே இருக்கு, இந்தக் கிழவன் புளுகறான்னு சொல்லுவான்!"

"சொல்லட்டும். நீங்க இத்தனை வருஷமா சொன்னீங்க, நான் மெலிஞ்சா போயிட்டேன்?" வயித்தைத் தட்டிக் காட்டினாரு. "நெசமான்னு எனக்கே சந்தேகம் வந்துச்சு பாரு, அந்த ஜன்னலுக்கு வெளிய நின்னப்போ, அது ஒண்ணுதான்டா கஷ்டமா இருந்துச்சு. அது போயிடுச்சு. மத்தது எல்லாம் உங்க பிரச்சினை."

ஸ்னோ அந்தக் கேக் காகிதத்தைக் கையில எடுத்தாரு. "அப்ப அந்த ஓட்டை விஷயத்தை வர்றவனுக்கு யாரு விளக்கறது?"

"நீதான் தலைவரு."

ஆகஸ்ட்டுல கொடியை மாட்டினாங்க. மெர்வ் அதை உயரத்துல மாட்ட விடல. கண்ணுக்கு நேரா, தையல் தெரியற மாதிரி இருக்கணும்னு அடம் பிடிச்சாரு. அன்னைக்கு மழையிலயும் ஊரே வந்துச்சு. ஸ்னோ கோட்டு சூட்டுல கொடிக்குப் பக்கத்துல நின்னு, வர்றவங்களுக்கு எல்லாம் கேக் காகிதத்தைப் புரட்டிப் புரட்டிக் காட்டி, தொண்டை கட்டற வரைக்கும் கதை சொன்னாரு. மதியத்துக்குள்ள அவரு கதையில உதவிக்கு வந்த கப்பல் ரெண்டாயிடுச்சு. டீ நேரத்துல அதுல ஒண்ணு விமானம் தாங்கிக் கப்பல்.

"ப்பா, அவரு அநியாயத்துக்குப் புளுகறாரு. போய்த் தடுங்க"ன்னா லினெட்.

மெர்வுக்கு நேரம் இல்லை. அவரு கொடியோட மறு பக்கத்துல, கையில சாசேஜ் ரோலோட, ரெண்டு பாட்டிமாரை நிறுத்தி வெச்சிருந்தாரு.

"சண்டைக் கதை வேணும்னா அந்தக் கோட்டு சூட்டுக்காரன்கிட்ட போங்க. நீங்க இங்க பாருங்க, இந்த நீலத் தையலை. இன்னும் கிட்ட வாங்க. என் பொண்டாட்டி இடது கைக்காரி."

"எவ்வளவு நேரா இருக்கு!"ன்னா ஒரு பாட்டி.

"நேராவா?" மெர்வுக்கு முகம் பூரா பல்லு. "ஸ்கேல் வெச்சு அளங்கம்மா. ஸ்கேல் வேணா தோக்கும்!"